ஒன்பது வண்டிக்கு ஒரு கார்புரேட்டர்

என் அக்காவுக்கு நான் அறுபதாயிரம் கடன்பட்டிருந்தேன். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, சாட்சி என்று நடுவில் ஒரு ஆள் இல்லை. அவள் கொடுத்தாள், நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால், 'தன் பெருமையெல்லாம் எழுதிட்டு இதை மட்டும் கடைசியில ஒளிச்சு வச்சிருக்காரு' என்று என் வீட்டுக்காரியே பேசுவாள்.

நான் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவன். நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. பதினோரு வயதில் கையில் ஊசி எடுத்தேன். இன்றைக்கு எனக்கு மூன்று கடை. என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. 'ரெக்ஸின்காரர் கடை' என்று சொன்னால் பஸ் கண்டக்டரே நிறுத்தி இறக்கிவிடுவார். தெருவில் ஓடுகிற வண்டிகளில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பது என் தையல் மேல்தான். பெரிய படிப்பெல்லாம் படித்தவர்களும் என் தையல் மேல்தான் உட்காருகிறார்கள்.

ஆனால் நான் சொல்லப்போவது பதினாலு வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது ஒரே கடை. ஒரே மெஷின், அதுவும் பழசு. கனமான தோலைக் கண்டால் ஊசி முறிந்துவிடும். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, துவைத்து, மடித்து, திரும்ப எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவள் சம்பளத்தில் ஒரு காசு பிடித்ததில்லை. அடுக்கைப் பார்க்கக்கூட மாட்டாள். கட்டைவிரலால் மடிப்பு ஓரத்தைச் சரசரவென்று தள்ளிக்கொண்டே போய், "நாப்பத்தெட்டு. ரெண்டு கம்மி" என்பாள். போய்ப் பார்த்தால் ரெண்டு எங்காவது கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுப் பணம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "நல்ல மெஷினா ஒண்ணு வாங்கிக்கடா. மெல்லத் திருப்பிக் குடு" என்றாள். ஐந்நூறு ஐந்நூறாக நூற்றிருபது நோட்டு.

மெஷின் வாங்கத்தான் போனேன். சத்தியமாக. பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் விலை விசாரித்தேன். நாலாவது நாள் ஒரு வாடிக்கையாளர் வந்தார். தைத்த சீட்டுக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல், "மேல ரெண்டாயிரம் போட்டுக் குடுத்தீங்கன்னா வண்டியையே வச்சுக்கங்க" என்றார். பழைய மோட்டார் சைக்கிள். தயாரித்த கம்பெனி மூடி முப்பது வருடம் ஆகிவிட்டது. ஆனால் நான் உதைத்ததும் கிளம்பியது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய உடம்புக்காரர் ஒருவர் நல்ல செய்தி கேட்டுத் தொண்டையைச் செருமுவார் பாருங்கள், அந்த மாதிரி இருக்கும்.

இரண்டாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். அறுபது ஐம்பத்தெட்டு ஆயிற்று. மெஷினுக்குக் குறைகிறதே, வண்டியைத் துடைத்து லாபத்துக்கு விற்றுவிட்டு வாங்கலாம் என்று நினைத்தேன். விற்கவில்லை. அதே மாடலில் இன்னொன்று வாங்கினேன்.

இந்த நோய் வந்தவன் தெருவில் நடக்கிற விதமே மாறிவிடும். மற்றவர்கள் முன்னால் பார்த்து நடப்பார்கள். நான் மாடிப்படிகளுக்கு அடியில் பார்த்து நடப்பேன். எந்த வீட்டுச் சுவர் ஓரத்தில் சாக்குப் போட்டு மூடிய சாமான் நிற்கிறது, அந்தச் சாக்குக்குக் கீழே தெரிகிற சக்கரம் என்ன அளவு என்று கண் போகும். கண்டுபிடித்துவிட்டால் வாங்குகிற வரைக்கும் ஒரே பயம், வேறு எவனாவது கொண்டு போய்விடுவானோ என்று. வாங்கிய மறு நிமிடம் இன்னொரு பயம், வீட்டில் தெரிந்துவிடுமோ என்று. இரண்டுக்கும் நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற ஒரு மணி நேரம் இருக்கிறதே, அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எல்லாமே. மூவாயிரம், நாலாயிரத்து ஐந்நூறு, ஒன்று ஏழாயிரம். ஒவ்வொரு தடவையும் 'இதுதான் கடைசி' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒன்பது தடவை சொன்னேன். மிச்சப் பணம் டயருக்கும் சங்கிலிக்கும் கிடங்கு வாடகைக்கும் போயிற்று.

வீட்டுக்காரிக்கு நாலு வண்டிதான் தெரியும். அதில் என் மூளையைப் பாருங்கள்: ஒன்பதுக்கும் ஒரே சாம்பல் நிற ரெக்ஸினில், ஒரே அளவில், ஒரே தையலில் உறை தைத்துவிட்டேன். வீட்டுப் பக்கச் சந்தில் எப்போதும் நாலு உறை நிற்கும். புதிது ஒன்று வந்தால் பழையதில் ஒன்று நான் வாடகைக்கு இடம் பிடித்திருந்த அட்டைப்பெட்டிக் கிடங்குக்குப் போய்விடும். எது வந்தது எது போனது என்று யாராலும் சொல்ல முடியாது. "நாலும் அப்படியே நிக்குது. ஒண்ணையாவது தொலைச்சுக் கட்டுங்களேன்" என்பாள். "பார்க்கலாம்" என்பேன்.

ஒன்பதும் ஓடும் என்று வீட்டுக்காரியைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய் இல்லை. ஒன்பதும் ஓடும், ஆனால் ஒவ்வொன்றாக. கார்புரேட்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுவது அதுதான். உள்ளங்கையில் அடங்கும். என் ஒன்பது வண்டிக்கும் சேர்த்து நல்ல கார்புரேட்டர் ஒன்றே ஒன்றுதான். கம்பெனியே இல்லாதபோது சாமான் எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஒரு வண்டியில் மாட்டி, உதைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, கழற்றி அடுத்ததில் மாட்டுவேன். மத்தியானத்துக்குள் ஒன்பதும் ஓடியிருக்கும். மனசு நிறைந்துவிடும். இதைத் தவிர ஒன்பதில் ஒன்றுக்கும் அசல் டேங்க் மூடி கிடையாது. கம்பெனி முத்திரை பதித்த, சாவி போட்டுத் திறக்கிற பித்தளை மூடி அது. நான் ரப்பரை வெட்டி அடைத்து வைத்திருந்தேன். அந்த மூடி மட்டும் கனவில்கூட வரும்.

அக்கா ஒரு நாள் புது மெஷினைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். நான் பழைய மெஷினுக்கே பச்சைப் பெயிண்ட் அடித்தேன். வந்தாள், பார்த்தாள், "நல்ல கலரு" என்றாள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டு வருடம் போனது. ஒரு சனிக்கிழமை அக்கா கடைக்கு வந்தாள். படியில் கால் தடுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மூலையில் தைத்து முடித்த கார் சீட் ஒன்றை நிமிர்த்தி வைத்திருந்தேன். அதைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறீங்களா?" என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். "டேய் தம்பி, என்னடா இவரு பதிலே பேச மாட்டேங்கறாரு?"

"அது கார் சீட்டுக்கா."

அவள்தான் முதலில் சிரித்தாள். "அதானே பார்த்தேன், இவ்வளவு மரியாதையான ஆளு உன் கடைக்கு ஏது" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். "ரெண்டு கண்ணுலயும் புரை முத்திடுச்சாம். இடது கண்ணுல அழுத்தமும் ஏறியிருக்காம். வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன் பண்ணியாகணும், தள்ளிப்போட்டா இடது கண்ணு திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டுக்கும் சேர்த்து அறுபதாயிரம். புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள்ள கட்டினாத்தான் பட்டியல்ல பேரு ஏறும்."

"பெரிய ஆஸ்பத்திரியில சும்மா பண்ணுவாங்களே?"

"நாலு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க. நாலு மாசத்துக்கு அப்புறம் வந்து நான் எதைப் பார்க்கப் போறேன்?"

கையை நீட்டித் தடவினாள். பச்சை மெஷினின் சக்கரத்தில் கை பட்டது. விரல் அங்கேயே ஓரிடத்தில் நின்றது. "இந்த மெஷின்தானே? நல்லா சம்பாதிச்சுக் குடுத்திருக்கும்ல?"

"அறுபதுதானேக்கா? புதன்கிழமை காலையில உன் கையில எண்ணி வச்சுடறேன். நான் யாரு?"

"நீ யாருன்னுதான் எனக்குத் தெரியுமே" என்று எழுந்தாள்.

அன்றைக்கு என் கல்லாவில் இருந்தது இரண்டாயிரத்துச் சொச்சம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் தைரியமாகத்தான் இருந்தேன். ரெக்ஸின் துண்டின் பின்பக்கத்தில் சாக்கட்டியால் கணக்குப் போட்டேன். வண்டிக்குப் பதினைந்து வைத்தாலும் நாலை விற்றால் அறுபது. ஐந்து எனக்கே மிஞ்சும்! எந்த ஐந்தை வைத்துக்கொள்வது என்பதில்தான் அன்றைக்கு எனக்குத் தூக்கம் கெட்டது.

திங்கட்கிழமை காலையில் தபால்காரர் வந்தார். ரொம்ப நாளாக ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவர். சந்தில் நின்ற முதல் வண்டியில் கார்புரேட்டரை மாட்டி வைத்திருந்தேன். ஒரே உதை, கிளம்பிவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தார். பதினாலாயிரத்துக்கு முடித்தோம். இருபத்தெட்டு நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு, தபால் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, வண்டி தொண்டையைச் செருமச் செருமத் தெருமுனை திரும்பிப் போனார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா, வித்தேன் பாத்தியா" என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

நாலு மணிக்கு சலூன்காரர் இரண்டாவது வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. மூன்றரைக்கு ஸ்பானரை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். உறையை விலக்கினேன். கார்புரேட்டரை எடுக்கப் பக்கத்து வண்டிக்குக் கை போனது. பக்கத்தில் வண்டி இல்லை. தரையில் எண்ணெய்த் திட்டு மட்டும் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது வருடம் தொழில் செய்தவன், ஒரு நோட்டுக்கு இரண்டு தடவை யோசிக்கிறவன், ஒரு வண்டியை விற்கிறேன் என்று ஒன்பது வண்டியின் உயிரையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சலூன்காரர் வந்து உதைத்தார். நான் உதைத்தேன். அவர் மறுபடி உதைத்தார். "வண்டி நல்லா இருக்குங்க. கடை வாசல்ல சிலை மாதிரி நிறுத்தி வச்சுக்கலாம். ஆனா சிலைக்கு எதுக்குங்க பதினஞ்சாயிரம்?" என்று சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

தபால் அலுவலகத்துக்கு ஓடினேன். தபால்காரர் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அந்த கார்புரேட்டரை மட்டும் ரெண்டு நாளைக்குக் கழட்டிக் குடுங்களேன். திருப்பித் தந்துடறேன்."

அவர் தலை நிமிராமல் கேட்டார். "அதை மாட்டி இன்னொரு வண்டி விப்பீங்க. அப்புறம் கழட்டி எனக்குத் தருவீங்க. வாங்கினவரு யாரைத் தேடி வருவாரு? என் வண்டியைத்தான் தேடி வருவாரு. உங்க யாவாரத்துல நான் எதுக்குங்க?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் வேறு எவர் மேலும் வந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பழைய இரும்புக் கடைக்காரரைக் கிடங்குக்கு அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டலாமே என்று சந்தில் நின்றதையும் அங்கே தள்ளிக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் முட்டியால் தட்டிப் பார்த்து, "கிலோ கணக்குதான். வண்டிக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு தேறும்" என்றார். எட்டுக்கும் சேர்த்து இருபத்திரண்டாயிரத்து நானூறு. என்னிடம் பதினாலு. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது கிடங்கு வாசலில் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். சந்தே காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தேடி வந்திருக்கிறாள்.

ஒவ்வொரு உறையாக உருவிக் கீழே போட்டாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." எட்டு வரைக்கும் எண்ணினாள். தபால்காரரை விரலில் சேர்த்து, "ஒம்போது" என்றாள். பிறகு இரும்புக் கடைக்காரரிடம், "அண்ணே, இவரையும் சேர்த்து எடை போடுங்க. எண்பத்திரண்டு கிலோ வருவாரு" என்றாள்.

"இந்தா, நாளைக்குள்ள நான் சரி பண்ணிடுவேன்."

"அண்ணிக்குக் கார் சீட்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியலங்க. அவங்க குடுத்த பணத்துல நீங்க உறை தைச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். கல்லாவில் இருந்ததையும் தன் கையில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு, அக்காவை ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனைகளுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு வந்த அதே நோய் அவருக்கும். என்னிடம் வண்டிகள் இருந்தன, அவரிடம் சாமான்கள் இருந்தன. பிஸ்கட் டப்பாக்களில் பஞ்சு வைத்து, மேலே சீட்டு ஒட்டி, நாலு கார்புரேட்டர் வைத்திருந்தார். போன வருடம் என் கடைக்கே வந்து ஒன்பதையும் எண்பதாயிரத்துக்குக் கேட்டார். நான் நாலு பேர் முன்னால், "டைப் அடிக்கிற விரலுக்கு இன்ஜின் எதுக்கு சார்? வேணும்னா உங்க டப்பாவை எனக்கு வித்துட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

மத்தியானம் அவர் வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாங்க ரெக்ஸின்காரரே. போன வருஷம் என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல சார்."

"எனக்கு இருக்கு. தேதி போட்டு டைப் அடிச்சே வச்சிருக்கேன். எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம் சார்." வேர்த்தது. "எட்டு இருக்கு. எல்லாம் ஓடுற வண்டி. கார்புரேட்டர் மட்டும் இல்ல."

"ஓடுற வண்டி, கார்புரேட்டர் இல்ல. நீச்சல் தெரியும், தண்ணியில மட்டும் இறங்க மாட்டேங்கற மாதிரி." உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார். "நாப்பது."

"சார், போன வருஷம் எண்பது சொன்னீங்க!"

"போன வருஷம் நான் உங்க கடை தேடி வந்தேன்."

நான் உட்கார்ந்து பேசினேன், எழுந்து நின்று பேசினேன், கிளம்புகிற மாதிரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அந்த ஆள் அசையவில்லை. நாற்பத்து நாலில் வந்து நின்றுவிட்டார். எனக்கு வேண்டியது நாற்பத்தாறு. கடைசியில் என் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்: பணம் எதற்கு என்று. அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நாப்பத்தாறு. நாளைக் காலையில எட்டு மணிக்கு வண்டி என் வாசல்ல இருக்கணும்" என்றார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு மினி லாரியில் எட்டையும் கொண்டு போய் இறக்கினேன். தொண்ணூற்றிரண்டு நோட்டு எண்ணி வாங்கினேன். இருபத்தெட்டோடு சேர்த்து நூற்றிருபது. சரியாக அறுபதாயிரம். லாரிக்காரனை அனுப்பிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் அவர் ரப்பர் அடைப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இன்னொரு டப்பாவைத் திறந்தார். உள்ளே வரிசையாக, மினுமினுவென்று டேங்க் மூடி. பித்தளை. கம்பெனி முத்திரை. சாவியோடு. பதினேழு இருந்தது.

"எட்டுக்கு மாட்டினாலும் ஒம்போது மிஞ்சும்" என்று சாதாரணமாகச் சொன்னார். "வேணும்னா ஒண்ணு ஐநூறு."

என் கை என்னிடம் கேட்கவில்லை. எப்படி என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. வண்டி எல்லாவற்றையும் விற்றுவிட்ட ஐந்தாவது நிமிடத்தில் வண்டி மூடி வாங்கிய ஆள் இந்த உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கல்லாவில் ஐந்நூறு இருக்கிறது, போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடையைத் திறந்து கல்லாவை இழுத்தேன். சில்லறைகூட இல்லை. நேற்றுப் பரிசோதனைக்கு வீட்டுக்காரி எடுத்துப் போனது அப்போதுதான் உறைத்தது.

அக்காவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, மடித்த துணி அடுக்கு. அக்கா புடவை மாற்றி, பையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரி பக்கத்தில் நின்றாள். "குடு" என்று அக்கா கையை நீட்டினாள். நான் அவள் கையில் ஒவ்வொன்றாக வைத்து எண்ண ஆரம்பித்தேன். எண்பத்தாறு வந்ததும், இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன், அடுத்த நோட்டை வைத்து "எண்பத்தெட்டு" என்றேன். நிறுத்தாமல் போனேன். "நூத்தி இருபது" என்று முடித்தேன். முதுகு நனைந்திருந்தது. எப்படியாவது மருத்துவமனைக் கவுண்டருக்குப் போவதற்குள் அந்த ஒன்றைப் புரட்டிவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

அக்கா கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். சரசரவென்று ஓடி நின்றது.

"நூத்திப் பத்தொம்போது" என்றாள். "எண்பத்தாறுக்கு அப்புறம் எண்பத்தேழு வரல. எங்கடா அது?"

வீட்டுக்காரி என்னையே பார்த்தாள். நான் பையிலிருந்து மூடியை எடுத்து அக்கா கையில் வைத்தேன். விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

"என்னது, மூடியா?"

"ஆமாக்கா. டேங்க் மூடி. அசல்."

"எந்த வண்டிக்கு?"

"வித்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "மெஷின் சக்கரத்துல ஒரு கீறல் இருக்கும்டா. நீ பதினாறு வயசுல கத்திரியால கீறினது. பெயிண்ட் அடிச்சா கீறல் மறைஞ்சிடுமா? கண்ணு தெரியாததுக்கு விரல் தெரியும்" என்றாள். மூடியை என் கையில் திருப்பி வைத்தாள்.

"அண்ணி, ஐநூறுதானே. பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கிட்டு வரேன்" என்றாள் வீட்டுக்காரி.

"வேணாம். கடனை அடைக்க வந்தவன் இன்னொரு கடன் வாங்கியா அடைக்கறது? போடா. போய் இதைக் குடுத்துட்டுக் காசை வாங்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வா. நாங்க அங்க இருக்கோம். ஒரு மணின்னா ஒரு மணி."

ஒன்பது வண்டி வைத்திருந்தவன் அன்றைக்கு ஓட ஒரு வண்டி இல்லை. பஸ்ஸில் பாதி, நடையில் பாதி. டைப்பிஸ்ட் வீட்டுக்கு வந்தபோது பதினொன்றே முக்கால். அவர் முற்றத்தில் என் வண்டி ஒன்றுக்குக் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டிருந்தார். மூடியை நீட்டினேன். மூச்சு வாங்கியதால் பேச்சு வரவில்லை.

"வித்தது வித்ததுதான். நானூறு தரலாம்" என்றார்.

"சார், ஐநூறு வேணும். ஒரு மணிக்குள்ள வேணும்." அடுத்த வார்த்தை என் வாயில் அதுவரை வந்ததே இல்லை. "தயவு பண்ணி."

ஸ்பானரைக் கீழே வைத்தார். "எட்டு வண்டிக்கும் சீட்டு கிழிஞ்சிருக்கு. கூலி இல்லாம தைச்சுக் குடுப்பீங்களா?"

ஒரு சீட் தைக்க அறுநூறு. என் கடையில் சும்மா ஒரு பொத்தான்கூடத் தைத்துக் கொண்டு போனவர் கிடையாது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தைக்கறேன் சார்."

ஐந்நூறை எடுத்து என் கையில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தானே. ஏறுங்க, இதை ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆச்சு."

என் வண்டியில் நானே பின்னால் உட்கார்ந்துகொண்டு போனேன். நான் தைக்கப்போகிற அந்தக் கிழிந்த சீட்தான். சத்தம் எனக்குத் தெரியும். பெரிய உடம்புக்காரர் செருமுகிற சத்தம். கூடவே இன்னொரு சத்தமும் எனக்குக் கேட்டது. "சார், மூச்சு விடுது சார். பெட்ரோல் ஜெட்டைக் கொஞ்சம் இறுக்கணும்" என்றேன். "பேசாம உக்காருங்க" என்றார். சிக்னலில் நின்றுவிட்டது. உதைத்தார். மறுபடி உதைத்தார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நான் இறங்கி, பின்னால் நின்று தள்ளினேன். ஐம்பத்து நாலு வயசு. ஒரு கையால் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டேன், நோட்டு விழுந்துவிடக்கூடாதே என்று. நாற்பது அடி, ஐம்பது அடி. செருமியது, இருமியது, பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஏறினேன். மருத்துவமனைச் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது.

பணம் கட்டுகிற கவுண்டர் முன்னால் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள்.

"வந்துட்டியா? எங்க அது?"

"இருக்குக்கா. எண்பத்தேழு." நோட்டை நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை; மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பையிலிருந்து கட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். தன் கையை விரித்து மடிமேல் வைத்தாள்.

"முதல்லருந்து எண்ணு."

"அக்கா, பத்து நிமிஷம்தான் இருக்கு."

"உனக்கு எண்ணத் தெரியும்ல? எண்ணு. சத்தமா."

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடித் தடுப்பு வழியே எட்டிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு நான் ஆட்டோ சீட் தைத்துக் கொடுத்திருக்கிறேன். வாசலில் டைப்பிஸ்ட் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரி கடிகாரத்தையும் என் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

ஒன்று என்று ஆரம்பித்தேன். அக்காவின் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது, சலவைச் சோடாவில் ஊறி ஊறி ரேகை தேய்ந்த கை. அறுபத்தைந்தில் கவுண்டர்காரர், "சீக்கிரம் சார்" என்றார். எண்பத்து ஐந்து, எண்பத்து ஆறு என்று வைத்துவிட்டு, அடுத்த நோட்டை எடுத்து வரிசையில் கடைசியில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி "எண்பத்தேழு" என்றேன். அக்காவின் கட்டைவிரல் லேசாக அசைந்து அந்த நோட்டைத் தொட்டது. நிறுத்தாமல் போனேன். நூறு, நூற்றுப் பத்து, நூற்றுப் பத்தொன்பது. சட்டைப் பையில் வேர்வையில் நனைந்திருந்த கடைசி ஐந்நூறை எடுத்து, விரித்திருந்த அவள் கையின் மேல் வைத்தேன்.

"நூற்றிருபது."